கேள்வி – பதில்: ஊர்ச் சேவை சங்கங்களுக்கு

லயன்ஸ், ரோட்டரி சங்கங்களுக்கு ஜூலை 1-ல்தான் புது ஆண்டு பிறக்கிறது. நிர்வாகிகள் மாறும் இந்தச் சமயத்தில் முகாம், நன்கொடை, செய்தி வெளியீடு என்று பல ஊர்களிலிருந்து கேள்விகள் வந்திருக்கின்றன. சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம்.

கே: வருடா வருடம் இலவசக் கண் சிகிச்சை முகாம் நடத்துகிறோம். கூட்டத்துக்குக் குறைவில்லை. ஆனால் கண்புரை ஆபரேஷனுக்குத் தேர்வாகிறவர்களில் பாதிப் பேர் பஸ் ஏறாமல் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். என்ன செய்யலாம்?
– சங்கச் செயலாளர், சாத்தூர்

ப: பயம் ஒரு காரணம்தான். அதைவிடப் பெரிய காரணம், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டியிருக்கும் என்று யாரும் முன்கூட்டி அவர்களிடம் சொல்லாதது. கண்ணைக் காட்டிவிட்டு மத்தியானம் திரும்பிவிடலாம் என்று ஆட்டை மரத்தடியில் கட்டிவிட்டு வந்த பாட்டியிடம், "இப்படியே பஸ்ஸில் ஏறுங்கள்" என்றால் எப்படி ஏறுவார்?

நோட்டீஸில் பாதி இடத்தைச் சிறப்பு விருந்தினர்களின் பெயருக்குக் கொடுக்காதீர்கள். பெரிய எழுத்தில் வரவேண்டியவை வேறு: ஆபரேஷன், லென்ஸ், சாப்பாடு, போக வர பஸ் எல்லாம் இலவசமா என்பது, எத்தனை நாள் தங்க வேண்டும் என்பது (இதை ஆஸ்பத்திரியிடம் கேட்டுப் போடுங்கள்), மாற்றுத் துணி, ஆதார் நகல், வீட்டில் ஒருவருடைய போன் நம்பர், வழக்கமாகச் சாப்பிடும் பிரஷர், சர்க்கரை மாத்திரைகள் ஆகியவற்றைக் கொண்டு வரவேண்டும் என்பது. படிக்கத் தெரியாதவர்களுக்காக முகாமுக்கு இரண்டு நாள் முன்பு ஆட்டோவில் மைக் கட்டி இதே விவரத்தைச் சொல்லுங்கள். ரேஷன் கடை, வாரச்சந்தை, கிராமத்தில் வேலைத் திட்டம் நடக்கும் இடம் ஆகிய மூன்றிலும் நேரில் போய்ச் சொன்னால் பத்து பேனருக்குச் சமம். நாற்று நடவு, அறுவடை, குலதெய்வக் கோயில் திருவிழா, பெரிய முகூர்த்த நாள் ஆகியவற்றைத் தவிர்த்துத் தேதி குறியுங்கள்.

பள்ளிக்கூடத்தில் நடத்துவதென்றால், பார்வைப் பரிசோதனைப் பலகைக்கும் நாற்காலிக்கும் நடுவே 6 மீட்டர் தூரம் கிடைக்கும் அறையை முதலில் தேடுங்கள். இடமில்லை என்று 4 மீட்டரில் உட்கார வைத்தால், குறைபாடு உள்ள கண்ணும் நன்றாகத் தெரிவதாகப் பதிவாகிவிடும். டாக்டர் டார்ச் அடித்துப் பார்க்க ஜன்னல் மூடிய இருட்டு அறை ஒன்று வேண்டும். எல்லாமே தரைத்தளத்தில் இருக்கட்டும். வரிசை இப்படி: பெயர்ப் பதிவு, பார்வைப் பரிசோதனை, டாக்டரின் முதல் பார்வை, கண் அழுத்தம், கண்ணீர்ப்பை, கண்ணாடிப் பவர், ரத்த அழுத்தம், சர்க்கரை, கடைசியாகப் பெரிய டாக்டர், ஆலோசகர். ஒவ்வொரு இடத்திலும் ஒரு உறுப்பினர் நின்று, சீட்டைப் பார்த்து அடுத்த அறைக்குக் கைப்பிடித்து அனுப்ப வேண்டும். கண்ணீர்ப்பைப் பரிசோதனையை, நேரமாகிறது என்று அவசரப்படுத்தாதீர்கள். அங்கே சீழ் இருக்கும்போது ஆபரேஷன் செய்தால் கிருமி கண்ணுக்குள் போய்ப் பார்வையே பறிபோகலாம்.

"ரத்தம் எடுப்பார்கள்" என்று நினைத்துப் பலர் வெறும் வயிற்றோடு வருவார்கள், மாத்திரையையும் போட்டிருக்க மாட்டார்கள். பிரஷர் ஏறி, பதினோரு மணிக்குத் தேர்வாக வேண்டியவர் தள்ளுபடி ஆகிவிடுவார். சாப்பிட்டு, மாத்திரை போட்டு வரச் சொல்லுங்கள். வந்த இடத்திலும் இட்லியோ உப்புமாவோ கொடுங்கள். அப்படியும் பிரஷர், சர்க்கரை கூடுதலாக இருந்து திருப்பி அனுப்பப்படுகிறவர்களை ஒரு தனி நோட்டில் எழுதி, ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரை வாங்க வைத்து, கட்டுக்குள் வந்ததும் ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள். இந்த நோட்டுதான் பெரும்பாலான சங்கங்களில் இல்லை.

திரும்பி வந்தவர்களுக்குச் சொட்டு மருந்து விடுவது, கண்ணைக் கசக்காமல் இருப்பது, ஆஸ்பத்திரி சொன்ன நாள்வரை தலைக்கு ஊற்றாமல் இருப்பது ஆகியவற்றை வீட்டிலுள்ள ஒருவரிடமும் சொல்லிவிட வேண்டும். வலி, சிவப்பு, பார்வை மங்குதல் ஆகியவற்றில் எது வந்தாலும் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மறுபரிசோதனை நாளுக்காகக் காத்திருக்கக் கூடாது. அந்த மறுபரிசோதனைக்கான தேதியையும் இடத்தையும் முகாம் நோட்டீஸ் அடிக்கும்போதே முடிவு செய்துவிடுங்கள். கண்ணாடி தேவைப்படுவது அப்போதுதான் தெரியும். அதை விட்டால் ஆபரேஷனின் பயன் பாதிதான்.

கே: லயன்ஸ் சங்கத்துக்கும் கண்ணுக்கும் அப்படியென்ன தொடர்பு? கண் தானத்துக்கும் அவர்களைத்தான் கூப்பிடுகிறார்கள். வீட்டில் ஒருவர் இறந்தால் நாம் செய்ய வேண்டியது என்ன?
– வாசகி, கும்பகோணம்

ப: 1917-ல் மெல்வின் ஜோன்ஸ் முயற்சியில் சிகாகோவில் தொடங்கிய இயக்கம் அது. 1925-ல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் நடந்த மாநாட்டில், கண்ணும் காதும் இழந்த ஹெலன் கெல்லர் பார்வையற்றோருக்காக உழைக்கும்படி லயன்ஸைக் கேட்டுக்கொண்டார். அன்று தொட்டுக் கண் பணி அவர்களுடையதாகிவிட்டது. நம் பக்கத்தில், 1976-ல் டாக்டர் ஜி. வெங்கடசாமி மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, ஊர்ச் சங்கங்களோடு சேர்ந்து முகாம் நடத்தும் முறையைப் பரவலாக்கியது. இடமும் ஆளும் விளம்பரமும் சங்கத்தின் பொறுப்பு. மருத்துவமும் ஆபரேஷனும் ஆஸ்பத்திரியின் பொறுப்பு.

கண் தானத்துக்கு இறந்த 6 மணி நேரத்துக்குள் கண்ணை எடுத்தாக வேண்டும். அதனால் அழுகைக்கு நடுவிலும் யாராவது ஒருவர் உடனே கண் வங்கிக்குப் போன் செய்ய வேண்டும். இறந்தவரின் இமைகளை மூடி, ஈரப்பஞ்சை மேலே வையுங்கள். தலைக்கு ஒரு தலையணை கொடுத்து உயர்த்துங்கள். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள், காற்று பட்டால் கருவிழி காய்ந்துவிடும். டாக்டர் தரும் இறப்புச் சான்றிதழும் நெருங்கிய உறவினரின் கையெழுத்தும் தேவை. எடுக்க இருபது நிமிடம் போதும், முகம் விகாரமாகாது. கண்ணாடி போட்டவர், சர்க்கரை உள்ளவர், கண்புரை ஆபரேஷன் ஆனவர் எல்லோரும் கொடுக்கலாம். எய்ட்ஸ், மஞ்சள் காமாலை பி, சி கிருமி, வெறிநாய்க்கடி, ரத்தப் புற்றுநோய் போன்றவற்றால் இறந்தவர்களின் கண்ணை எடுப்பதில்லை. உயிரோடு இருந்தபோது அவர் எழுதிக் கொடுக்காவிட்டாலும், குடும்பம் சம்மதித்தால் போதும்.

கே: தலைவர்கள் பிறந்தநாளில் பெரிய ரத்ததான முகாம் நடத்த நினைக்கிறோம். அரசு மருத்துவமனை ரத்த வங்கியில் "இத்தனை யூனிட்டுக்கு மேல் வேண்டாம்" என்கிறார்கள். ரத்தம் வேண்டாம் என்று சொல்வார்களா?
– இளைஞர் பிரிவுத் தலைவர், திண்டுக்கல்

ப: சொல்வார்கள், சொல்வது சரியும்கூட. சிவப்பணுக்களை அதிகபட்சம் ஐந்தாறு வாரம்தான் வைத்திருக்க முடியும். தட்டணுக்கள் 5 நாளில் வீணாகிவிடும். ஒரே நாளில் மாவட்டம் முழுவதும் முகாம் நடந்தால் குளிர்பெட்டி நிறையும். அடுத்த மாதம் பிரசவத்துக்கு ரத்தம் கேட்டு நிற்கும்போது, அன்று கொடுத்த ஆண்கள் மூன்று மாதமும் பெண்கள் நான்கு மாதமும் மறுபடி கொடுக்க முடியாமல் இருப்பார்கள். உங்களிடம் இருநூறு பேர் இருந்தால், ஐம்பது ஐம்பதாக நான்காகப் பிரியுங்கள். கல்லூரிகள் விடுமுறையில் இருக்கும் ஏப்ரல், மே மாதத்தில் ஒன்று. டெங்கு தலைதூக்கும் அக்டோபர், நவம்பரில் ஒன்று. மற்ற இரண்டை ரத்த வங்கி கேட்கும் வாரத்தில் வையுங்கள். பிறந்தநாளன்று முதல் முகாமைத் தொடங்கிக்கொள்ளலாமே.

வயது 18 முதல் 65 வரை, எடை குறைந்தது 45 கிலோ, ஹீமோகுளோபின் 12.5 கிராம். 45 கிலோவுக்கு 350 மில்லி எடுப்பார்கள். 450 மில்லி கொடுக்க 55 கிலோவுக்கு மேல் இருக்க வேண்டும். பச்சை குத்தி ஓராண்டு ஆகாதவர்களை முகாமுக்கு வரவழைத்துத் திருப்பி அனுப்பாதீர்கள். பெயர் எழுதும்போதே கேட்டுவிடுங்கள். இரவு சரியாகத் தூங்காதவரும் வெறும் வயிற்றோடு வந்தவரும்தான் பெரும்பாலும் மயங்கி விழுகிறார்கள். கட்டிலை விட்டு எழுந்ததும் நேராகப் படம் எடுக்க அழைத்துப் போகும் பழக்கத்தை நிறுத்துங்கள். ஜூஸ், பிஸ்கட்டோடு பதினைந்து நிமிடம் உட்கார வைத்து, பக்கத்தில் ஒரு ஆளை நிறுத்துங்கள். தலை சுற்றினால் உடனே படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள். தண்ணீர் தெளித்து எழுப்பி நடக்க வைக்கக் கூடாது.

இன்னொன்று. எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பி, சி, பால்வினை நோய், மலேரியா ஆகியவற்றுக்கு ஒவ்வொரு யூனிட்டும் பரிசோதிக்கப்படும். அந்த முடிவு கொடுத்தவருக்கும் ரத்த வங்கிக்கும் மட்டும் உரியது. "எங்கள் ஆட்களில் யாருக்கு என்ன" என்று சங்கம் கேட்கவே கூடாது. தானத்துக்குப் பணமோ விலையுள்ள பரிசோ கொடுப்பதும் கூடாது: பரிசுக்காக நோயை மறைத்துக் கொடுக்க ஆள் வருவார்.

கே: அரசுப் பள்ளிக்கு ஆர்.ஓ. இயந்திரம் வாங்கிக் கொடுத்தோம். ஒரு வருடம்கூட ஓடவில்லை. கம்பெனிக்காரர் "மெம்பிரேன் போய்விட்டது" என்கிறார். தரம் குறைந்த இயந்திரமா?
– ரோட்டரி உறுப்பினர், தர்மபுரி

ப: இயந்திரத்தின் மேல் பழி போடும் முன், முதல் வடிகட்டியைக் கழற்றிப் பாருங்கள். வெள்ளையாக இருந்த நூல் உருளை செம்மண் நிறமாக, வழவழவென்று இருந்தால் காரணம் அதுதான். போர் தண்ணீரில் வரும் மண்ணைத் தடுக்கும் அந்த உருளையை மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது மாற்ற வேண்டும். அதன் விலை கொஞ்சம்தான். மாற்றாமல் விட்டால் மண்ணும் சுண்ணாம்பும், உப்பைப் பிரிக்கும் சவ்வான மெம்பிரேனில் போய் அடைத்துக்கொள்ளும். அதன் விலையோ பல மடங்கு. கோடை விடுமுறையில் இயந்திரத்தை அப்படியே பூட்டிப்போவதும் மெம்பிரேனைக் கெடுக்கும். வாட்ச்மேனிடம் சொல்லி வாரம் இருமுறை அரைமணி நேரம் ஓடவிட வையுங்கள்.

வாங்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி, ஆர்.ஓ. தேவையா என்பது. இந்தியத் தர நிர்ணயப்படி (ஐ.எஸ். 10500) லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை கரைந்த உப்பு இருந்தால் குடிக்க ஏற்ற தண்ணீர். கூட்டுக் குடிநீர்த் திட்டத் தண்ணீர் பல ஊர்களில் இதற்குள் இருக்கும். அங்கே வடிகட்டியும் புற ஊதா விளக்கும் உள்ள எளிய கருவி போதும், ஆர்.ஓ. வைத்தால் தண்ணீரில் பாதிக்கு மேல் கழிவாகத்தான் ஓடும். உங்கள் தர்மபுரியின் கதை வேறு. அங்கே போர் தண்ணீரில் ஃப்ளோரைடு கூடுதல். அது லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருப்பதுதான் நல்லது, 1.5-ஐத் தாண்டவே கூடாது. உப்பு அளக்கும் பேனாக் கருவி ஃப்ளோரைடைக் காட்டாது. குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கொடுத்துப் பாருங்கள். கூடுதல் என்று வந்தால் ஆர்.ஓ. வேண்டியதுதான். அப்போது வடிகட்டிச் செலவு, மெம்பிரேன் செலவு, மெக்கானிக் கூலி ஆகியவற்றை மூன்று வருடத்துக்குக் கணக்கிட்டு, வாங்கும் பணத்தோடு சேர்த்து ஒதுக்குங்கள். கழிவுத் தண்ணீருக்குத் தனிக் குழாய் போட்டுக் கழிப்பறைத் தொட்டிக்கு விடுங்கள்.

கே: எங்கள் சங்கச் செய்தியைப் பத்திரிகைகள் போடுவதில்லை. போட்டாலும் இரண்டு வரி. எப்படி எழுதி அனுப்ப வேண்டும்?
– மக்கள் தொடர்பு பொறுப்பாளர், புதுக்கோட்டை

ப: உங்களைப் போன்றவர்கள் அனுப்பும் செய்திகளில் பெரும்பாலானவை ஒரே அச்சு: தலைவர் தலைமை தாங்கினார், செயலாளர் வரவேற்றார், இன்னார் முன்னிலை வகித்தார், பொருளாளர் நன்றி கூறினார். நடந்தது என்ன என்பது கடைசி வரியில் வரும், அல்லது வராமலே போகும். அதைத் தலைகீழாக்குங்கள். யாருக்கு, எந்த ஊரில், என்ன கிடைத்தது, அடுத்து எப்போது கிடைக்கும், யாரிடம் கேட்க வேண்டும் என்பது முதல் பத்தியில் வரட்டும். பெயர்கள் ஒரே வரியில் முடியட்டும்.

முகாம் முடிந்த செய்தியைவிட முகாமுக்கு முந்தைய செய்தி வாசகருக்குப் பயன்படும். ஐந்து நாள் முன்பே அனுப்புங்கள். நடந்த செய்தியென்றால் அன்று மாலை 5 மணிக்குள் உள்ளூர் நிருபரிடம் போய்ச் சேர வேண்டும். மறுநாள் கொடுத்தால் பழைய செய்தி. பி.டி.எஃப். வேண்டாம், யூனிகோடில் தட்டச்சு செய்த எழுத்தாக அனுப்புங்கள். வாட்ஸ்அப்பில் படத்தைச் சாதாரணமாக அனுப்பினால் தரம் குறைந்துவிடும். 'டாக்குமெண்ட்' என்ற வழியில் அனுப்புங்கள். பேனருக்குப் பின்னால் இருபது பேர் நிற்கும் படத்தில் யாருடைய முகமும் தெரியாது. ஒரு செவிலியரும் ஒரு முதியவரும் இருக்கும் படம் போதும், அந்த முதியவரிடம் அனுமதி கேட்டு எடுத்திருந்தால்.

குழந்தைகள் இல்லத்தில் உதவி கொடுத்த படங்களில் கூடுதல் கவனம் தேவை. பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தைகளின் பெயரையோ படத்தையோ வெளியிடுவதை 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் 74-ஆம் பிரிவு தடை செய்கிறது. ஆறு மாதம் வரை சிறையோ 2 லட்சம் ரூபாய் வரை அபராதமோ உண்டு. உங்கள் முகநூல் பக்கத்துக்கும் இது பொருந்தும்.

கே: ஒவ்வொரு ஜூலையும் பதவியேற்பு விழாவில் நூறு மரக்கன்று நடுகிறோம். அடுத்த ஜூலையில் பத்துகூட மிஞ்சுவதில்லையே?
– வாசகர், அருப்புக்கோட்டை

ப: உங்கள் ஊரில் ஜூலை என்பது ஆனி, ஆடிக் காற்று மாதம். மண்ணில் ஈரமில்லை. தென்காசி, கன்னியாகுமரி போல் தென்மேற்குப் பருவமழை பெய்யும் இடமென்றால் சரி. உங்களுக்கு வடகிழக்குப் பருவமழைதான் மழை. ஜூலையில் குழி மட்டும் வெட்டுங்கள்: நீளம், அகலம், ஆழம் ஒன்றரை முதல் இரண்டு அடி. அதில் மட்கிய எருவைப் போட்டு ஆறவிட்டு, புரட்டாசி கடைசியில் நடுங்கள். அரையடிக் கன்று வேண்டாம், ஐந்தடிக் கன்றாக வாங்குங்கள். பிளாஸ்டிக் பையைக் கிழித்து எடுக்காமல் நட்ட கன்றுகள் ஏராளம். அவை கோடையில் தானே சாயும். வேம்பு, புங்கன், பூவரசு உங்கள் மண்ணுக்கு வரும். மின்கம்பிக்கு அடியில் எதுவும் வேண்டாம். முதல் கோடையில் வாரம் இருமுறை ஒரு குடம் தண்ணீர் ஊற்ற ஆளுக்குச் சம்பளம் ஒதுக்க முடியாவிட்டால், நூறை இருபதாகக் குறைத்துக்கொள்ளுங்கள்.

கே: இன்னிசை நிகழ்ச்சி நடத்தி டிக்கெட் விற்றோம். மிச்சப் பணத்தில் சங்கத்தின் குடும்ப விருந்தை நடத்தலாம் என்கிறார்கள் சிலர். தவிர, சிங்கப்பூரில் இருக்கும் உறவினர் ஒருவர் பெரிய தொகை தருகிறேன் என்கிறார். வாங்கலாமா?
– பொருளாளர், காரைக்குடி

ப: விருந்து கூடவே கூடாது. சேவைக்கு என்று சொல்லி மக்களிடம் வாங்கிய பணம் மக்களுக்கே போக வேண்டும் என்பது லயன்ஸ் விதி. மற்ற சங்கங்களும் அப்படியே நடக்க வேண்டும். மேடை, ஒலிபெருக்கி, டிக்கெட் அச்சு என்று நிகழ்ச்சியின் நேரடிச் செலவைக் கழிக்கலாம். விருந்து, சால்வை, நினைவுப் பரிசு, மாநாட்டுப் பயணம் எல்லாம் உறுப்பினர் சந்தாவிலிருந்து. வங்கியில் இரண்டு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்: நிர்வாகத்துக்கு ஒன்று, சேவைக்கு ஒன்று. ஒரே கணக்கில் போட்டு நோட்டில் பிரித்துக்கொள்ளலாம் என்றால், அடுத்த பொருளாளரால் பிரிக்க முடியாது.

சிங்கப்பூர்ப் பணத்தில் முதலில் பார்க்க வேண்டியது பாஸ்போர்ட். இன்னும் இந்தியக் குடிமகன் என்றால், சொந்தச் சேமிப்பை வங்கி வழியாக அனுப்பலாம். அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. பாஸ்போர்ட் நகலை வாங்கி வையுங்கள். சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்றுவிட்டார் என்றால், பிறந்தது காரைக்குடியாகவே இருந்தாலும் அது வெளிநாட்டு நன்கொடைதான். எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு இல்லாத சங்கம் அதில் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. அவர் ஊருக்கு வரும்போது ரொக்கமாகக் கொடுத்தாலும் சட்டம் அதேதான்.

உள்ளூர் நன்கொடையாளர்கள் 80ஜி வரிவிலக்கு கேட்பார்கள். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் விலக்கு இல்லை. புதிய வரி முறையில் இருப்பவருக்கும் இல்லை. பணம் வாங்கும் முன்பே இதைச் சொல்லிவிட்டால் மார்ச் மாதத்தில் மனத்தாங்கல் வராது.

கே: சக்கர நாற்காலி வழங்கும்போது கவனிக்க வேண்டியது என்ன?
– வாசகி, நாகர்கோவில்

ப: அளவு. எல்லோருக்கும் 18 அங்குல இருக்கை என்று மொத்தமாக வாங்கினால், ஒல்லியான பெண்ணும் பத்து வயதுச் சிறுவனும் அதில் ஒரு பக்கமாகச் சாய்ந்தே உட்காருவார்கள்; முதுகெலும்பு வளையும். உட்கார வைத்து இடுப்பின் அகலத்தை அளவெடுங்கள். இருக்கையின் அகலம் அதுதான். இருக்கையின் ஆழம், முதுகிலிருந்து முழங்கால் மடிப்புவரை உள்ள நீளத்தைவிட 3 முதல் 6 செ.மீ. குறைவு. பாதப் பலகை, கால் தொங்காத உயரத்தில். தண்டுவடம் பாதிக்கப்பட்டவருக்குப் பஞ்சு மெத்தை இல்லாமல் கொடுக்கவே கூடாது: வலி தெரியாததால் படுக்கைப் புண் ஆழமாகிய பிறகுதான் வீட்டார் பார்ப்பார்கள். வீட்டு வாசலின் அகலத்தையும் அளந்துவிடுங்கள்.

கே: ஜூன் 30-ல் பொறுப்பை ஒப்படைக்கப் போகிறேன். புதிய செயலாளரிடம் என்னென்ன கொடுக்க வேண்டும்?
– செயலாளர், பட்டுக்கோட்டை

ப: தீர்மானப் புத்தகம், உறுப்பினர் பட்டியல், ரசீதுப் புத்தகத்தின் பயன்படுத்திய அடிக்கட்டையும் பயன்படுத்தாத தாள்களும், சங்கப் பதிவுச் சான்றிதழ், பான் கார்டு, ஆடிட்டர் தொடர்பு, மின்னஞ்சல், முகநூல் கடவுச்சொற்கள். வங்கியில் கையெழுத்து மாற்றும் தீர்மானத்தை ஜூன் கூட்டத்திலேயே நிறைவேற்றுங்கள். இல்லையென்றால் ஜூலை முழுக்கக் காசோலை கொடுக்க முடியாது. இவற்றை எல்லோரும் கொடுப்பார்கள். விட்டுப்போவது பாதியில் நிற்கும் பணிகளின் பட்டியல்: மறுபரிசோதனைக்கு வரவேண்டியவர்கள் யார், யாருக்கு இன்னும் கண்ணாடி வந்து சேரவில்லை, பள்ளி ஆர்.ஓ.வில் அடுத்து எந்தத் தேதியில் வடிகட்டி மாற்ற வேண்டும், எந்தக் கன்றுக்கு யார் தண்ணீர் ஊற்றுகிறார், அவருக்கு எந்த மாதம்வரை பணம் கொடுத்தாயிற்று. போன் நம்பர்களோடு இதைத் தாளில் எழுதி, புதிய செயலாளரை அந்த வீடுகளுக்கும் பள்ளிக்கும் ஒருமுறை நேரில் அழைத்துப் போய் அறிமுகம் செய்துவையுங்கள்.